வாட்டர்மார்க்

பாடாங் செராய் பெரிய சாலையில்
கைப்பேசிக் கடைக்கு மேல்மாடி என் அறை.
கீழே லோரி போனால்
டைம்லைன் நடுங்கும்.

குணராஜ் தண்ணீர் வடிகட்டி விற்பவர்.
அவரே எடுத்த முதல் வீடியோவில்
அவர் முகம் மட்டும் நாற்பது நொடி.
பெயர் நெருப்பில் எரிந்து வந்தது,
விலை ராட்டினம் சுற்றியது,
மேளம், பிறகு மேலும் மேளம்.
"எழுபது பேர் பார்த்தாங்க" என்றார்.
"பார்த்தவங்க மூணு நொடி பார்த்தாங்க" என்றேன்.
வரைபடத்தைத் திருப்பிக் காட்டினேன்:
மூன்றாம் நொடியில் கோடு
கயிறறுந்த வாளி.

அதனால் தோட்டத்துக்குப் போனோம்.
லோரி உதிர்த்த செம்பனைப் பழங்களை மிதித்து
லயத்தின் கடைசி வீடு, அமிர்தவல்லி அக்கா.
குழாயைத் திறந்தார்.
அது முதலில் இருமியது.
பிறகு காற்று. பிறகு
தேத்தண்ணி நிறத்தில் ஒரு நூல்.
அக்கா கையை நனைத்து முகர்ந்தார்.
"பேசுங்க, பேசுங்க" என்று
கேமராவுக்குப் பின்னால் குணராஜ் கையசைத்தார்.
ஒன்பது நொடி கழித்து
"என்னத்த சொல்றது" என்றார் அக்கா.

இரவு வெட்ட உட்கார்ந்தேன்.
'நிறத்தைச் சரிசெய்' என்றொரு பொத்தான்.
அழுத்தினேன்.
மென்பொருள் நல்லதை நினைத்து
அக்காவின் தண்ணீரை
ஒரே கணத்தில் தெளியவைத்துவிட்டது.
தேர்தலுக்கு முந்திய வாரம்கூட
அந்தக் குழாய் அப்படி ஓடியிருக்காது.
சிரிப்பு வந்தது. இப்படியே விட்டால்
வடிகட்டி எதற்கு?
பழையபடி மாற்றினேன்.

'மௌனங்களை நீக்கு' என்று இன்னொன்று.
அது அந்த ஒன்பது நொடியை
பல்லில் சிக்கிய நாராய் எடுத்துப் போட்டது.
முகர்ந்த கை இல்லை.
கேட்ட மாத்திரத்தில் பதில் சொல்லும்
யாரோ ஓர் அக்கா.
அதையும் பழையபடி.

மேளத்தை அணைத்தேன்.
இருமலை முன்னால் வைத்தேன்.
குணராஜின் முகத்தை ஐந்து நொடிக்கு இறக்கினேன்,
அதற்கு மட்டும் போனில் ஒரு மணி நேரச் சண்டை.
"அந்தத் தண்ணிய இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கலாமே?"
"இருக்கறதே போதும், அண்ணே."

பதினெட்டாயிரம் பேர் பார்த்தார்கள்.
தாமான் வீடுகளுக்கு முப்பத்தொரு வடிகட்டி போனது.
கூடவே ஒரே கேள்வி,
வேறு வேறு எழுத்துப் பிழைகளோடு:
அந்த அக்கா வீட்டுக்குப் போட்டாச்சா?

போடவில்லை.

கடையில் காட்சிக்கு வைத்திருந்ததைக் கழற்றி
மோட்டார் கூடையில் வைத்துக்கொண்டு போனார்.
பின்னால் நான், மடியில் கேமரா.
பொருத்தி, திறந்து, கிளாஸை நீட்டினோம்.
லயத்துக் குழாயில் அழுத்தம் இல்லை.
ஒரு சொட்டு.
பிறகு யோசித்து, இன்னொன்று.
கிளாஸ் நிரம்பப் பதினான்கு நிமிடம்.
அதற்குள் அக்கா
பழைய வாளித் தண்ணீரிலேயே அரிசி களைந்தார்,
பையனுக்குச் சட்டை மாட்டினார்,
போனில் யாரிடமோ கடன் தவணை பேசி முடித்தார்.
முடித்து வந்து, "இன்னுமா?" என்றார்.

"கொஞ்சம் ஓட்டிவிடு" என்றார் குணராஜ்.
வேகம்: இருநூறு மடங்கு.
நான்கு நொடியில் கிளாஸ் நிரம்பியது, பளிங்காக.
பின்னணியில் அக்கா எறும்பாய் ஓடினார்,
சட்டை தானாகப் பையன் மேல் ஏறியது.
அழகாகத்தான் இருந்தது.
அனுப்பிவிட்டேன்.

சந்தா கட்டியதிலிருந்து
என் படங்களில் வாட்டர்மார்க் விழுவதில்லை.
அக்காவின் வெள்ளை வாளியில் இருக்கிறது:
விளிம்புக்கு நாலு விரல் கீழே
சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு.
பெரிதாக்கிப் பார்த்தால் அதற்குள்ளும் கோடுகள்.

பதினான்கு நிமிடத்தை வெட்டாமல்
தனியாக வைத்திருக்கிறேன்.
ஃபைலுக்குப் பெயர் கேட்டது,
எண்ணையே விட்டுவிட்டேன்.
வேறு யாருடைய விளம்பரமோ எக்ஸ்போர்ட் ஆகும் இரவில்
அதை ஓடவிடுகிறேன்.
சாலையில் லோரி போகிறது,
திரை நடுங்குகிறது,
இன்னும் பாதி கிளாஸ்தான்.