வெட்டு

குலசேகரம் சந்தை முக்கில்
வின்சிலால் சீப்பைத் தட்டிக் கேட்கிறான்:
“நீளம் எவ்வளவு?”

சுவர்ப் படத்துப் பையன்களுக்கு
நெற்றியில் வழியும் நேர்முடி.
எனக்குச் சுருட்டை.
ஈரம் பட்டால் கதம்பை.
விடியுமுன் தலைவிளக்கு மாட்டினால்
வாருக்கு மேலே ஒரு குன்று,
கீழே ஒரு குன்று.

ஒரு வருசம் தோள்வரை விட்டேன்.
சிரட்டை எடுக்கக் குனிந்ததில்
நுனி பாலில் தோய்ந்து
மத்தியானத்துக்குள் ரப்பராயிற்று.
எண்ணெய்க்கு இளகவில்லை.
பிரிஜிட் கத்தரியோடு வந்தாள்,
சிரிப்பை அடக்காமல்.

அப்புறம் மொட்டை.
தோட்டத்துக் கொசு மொத்தமும்
என் தலையில் சபை கூடிற்று.

“வாரின் அகலம் போதும்” என்கிறேன்.
இரண்டு விரல் வைத்துப் பார்க்கிறான்.
“இத்தனை நாள் எங்கே போனீரு?”

இடவப்பாதி தொடங்கி இருபத்தாறு நாள்,
பட்டை காயவே இல்லை.
மரத்தில் வெட்டு இல்லை,
தலையிலும்.
காதை மூடிற்று, பிடரியை மூடிற்று.
பலசரக்குக் கடை தாசையன்
பற்று நோட்டைப் பிரிப்பதில்லை இப்போது;
என் தலையைப் பார்த்தே
பாக்கியைச் சொல்லிவிடுகிறார்.

வெளியே மறுபடி தூறல்.
கத்தரியைத் தூக்கியபடி நிற்கிறான் வின்சிலால்.

வெட்டு, மக்கா.
காசு
வெயில் அடித்ததும்.