தாங்கி நிறைந்த நாட்களில்

சாம்பல்தீவுப் பாலம் தாண்டும்வரை
ஒரு குறையும் சொல்ல முடியாது.
அதன் பிறகுதான்
அக்சிலேட்டர் என் காலை மறந்துவிடும்.
ஒரு இழுப்பு, ஒரு விக்கல்,
பிறகு ரயர்களின் ஓசை மட்டும்.

பின்னால் முப்பது கட்டி ஐஸ்.
முன்னால், இறக்கக்கண்டியில்,
விடிய வந்த வள்ளங்கள்
பாரைமீனோடு காத்துக்கிடக்கும்.

எஞ்சின் நின்றதும் எனக்குக் கேட்பது
உமிக்குக் கீழே கசிந்து
தாரில் சொட்டும் தண்ணீர்தான்.
ஒரு சொட்டு எத்தனை சதம் என்று
கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் நான்.

பத்து நிமிடம் விட்டால் மறுபடி பிடிக்கும்.
அதுதான் பெரிய கோபம்.
ஒரேயடியாகச் செத்துப்போகிற பிக்கப் என்றால்
கட்டி இழுக்கலாம்.
இது கோபித்துக்கொண்டு படலைவரை போய்
திரும்பி வருகிற சாதி.

அனுராதபுரச் சந்தியில் கராஜ் வைத்திருக்கும் இல்முதீன் நானா
முதலில் பில்டரை மாற்றினார்.
பிறகு கைப்பம்பை.
பிறகு டீசலை வெட்டுகிற சொலனொய்ட்டின் வயரை
உரசிப் பளிச்சென்று ஆக்கி
"இனி நிக்காது தங்கச்சி" என்றார்.
கராஜ் வாசலில் அது நிற்கவே நிற்காது,
டொக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி.
ஒருநாள் அவரையே ஏற்றிக்கொண்டு நிலாவெளிவரை போனேன்.
வழியெல்லாம் மகளின் கலியாண வீட்டுச் சிலவு சொன்னார்.
பிக்கப் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு வந்தது.

அதன் பிறகுதான் எழுதத் தொடங்கினேன்,
லீசிங் கட்டிய ரசீதுகளின் பின்பக்கத்தில்:

திங்கள். உப்பளம் தாண்டி நின்றது. கடும் வெயில்.
செவ்வாய். நிற்கவில்லை. ஐஸ் பதினெட்டு.
புதன். இரண்டுதரம். விடிய தாங்கி நிரப்பியது.
வெள்ளி. நிற்கவில்லை. கையில் காசில்லை,
இரண்டாயிரத்துக்கு மட்டும் அடித்தது.
ஞாயிறு. நிரப்பியது. பாலத்துக்கு முதலே.
நானாவோடு போன நாள்: கால் தாங்கி.

மூன்று வாரத்து ரசீதுகளைச் சீற்றில் பரப்பிப் பார்த்தேன்.
வெயிலுக்கும் பாரத்துக்கும் சம்பந்தமில்லை.
காசிருந்த நாளில் நிற்கிறது.
காசில்லாத நாளில் ஓடுகிறது.
ஐஸ் இறக்க வரும் டிலோசன் சிரித்தான்:
"அக்கா, பழக்கமில்லாத வயிறு.
நிறைஞ்சா ஒத்துக்கொள்ளுதில்ல."

நானும் சிரித்தேன்.
இரவில், நுளம்புவலைக்குள், சிரிப்பு வரவில்லை.
தாங்கி நிறையும்போது
அதற்குள் குறைவது எது?

அடுத்த நாள் வேண்டுமென்றே கழுத்துவரை அடித்தேன்.
உப்புவெளி கழியவும் விக்கியது.
பொனற்றைத் திறக்கப் போகவில்லை.
பக்கவாட்டில் போய்க் குந்தினேன்.

டீசல் மூடிக்கு மேலே நீலச் சொப்பிங் பை,
தோலைப் போல ஒட்டி,
நடுவில் ஒரு விரற்குழி விழுந்து.

கார்த்திகை மழைக்குத் தண்ணீர் இறங்கிவிடும் என்று
நான்தான் கட்டியது.
ஒவ்வொருமுறை அடித்தபின்னும்
கை தன்பாட்டில் கட்டிவிடும்.
என் கொண்டையிலிருந்து கழற்றிய கறுப்பு ரப்பர் பான்ட்,
இரண்டு சுற்று.
ஒரு மயிர் இன்னும் அதில் சுற்றிக்கிடந்தது.

கழற்றி, மூடியைத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்
நீளமாக, உள்பக்கமாக,
சங்குக்குப் போன சுழியோடி
மேலே வந்து இழுக்கும் முதல் மூச்சைப்போல.

மழை உள்ளே போகவில்லை, சரி.
காற்றும் போகவில்லை.
பம்ப் உறிஞ்ச உறிஞ்ச
கன்னம் ஒட்டிப்போன தாங்கி
டீசலை விடமாட்டேன் என்று பிடித்திருக்கிறது.
ஓரத்தால் கசிந்து போகிற கொஞ்சக் காற்றுக்குத்தான்
அந்தப் பத்து நிமிடமும்.

சாவியைத் திருப்பினேன். ஒரே பிடி.
"என்னக்கா செஞ்சனீங்கள்?"
"மூடியைத் திறந்து மூடினன்."
அதற்குமேல் அவனுக்குச் சொல்லவில்லை.

இறக்கக்கண்டியில் கட்டிகளை இறக்கும்போது
மூலைகள் இன்னும் கூராக இருந்தன.
கொண்டை முழுக்க டீசல் மணம்.

நாளைக்குச் சந்திக்குப் போகவேண்டும்.
புதுப் பம்பைத் திருப்பி எடுப்பாரா என்று
நானாவிடம் எந்த வாயால் கேட்பது?
பழையதை
இன்னும் எறிந்திருக்கமாட்டார்.