ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக

தாலினில் நான்காம் எண் டிராம் ஓட்டுகிறேன்.
நாள் முழுக்க என் முன்னால் நாற்பது மீட்டர்:
தண்டவாளம், சிக்னல்,
குடையோடு குறுக்கே ஓடும் ஆள்.
அதைவிடக் கிட்டத்தில் எதையாவது பார்த்துவிட்டால்
அதற்குப் பெயர் விபத்து.

அதனால்தான் வந்திருக்கும் இந்த ஆசை.

உர்மாஸ் தன் பழைய கேமராக் கடையில்
மூன்று மேக்ரோ லென்ஸ்களைக்
கம்பளித் துணிமேல் நிறுத்தினார்:
அறுபது, நூறு, நூற்றெண்பது மில்லிமீட்டர்.
விலை சொல்லவில்லை.
என் கையை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தார்.
"உள்ள அளவிலேயே பூச்சி பதிய வேண்டுமென்றால்
அறுபதுக்கு ஐந்து விரற்கடை தூரம்.
நூறுக்கு எட்டு.
நூற்றெண்பதுக்கு முழுச் சாண்,
ஆனால் அதைச் சுமக்க உனக்கு இன்னொரு தோள் வேண்டும்."
மூன்றும் ஒரே அளவுதான் பெரிதாகக் காட்டும்.
எவ்வளவு தள்ளி நிற்க விடும் என்பதில்தான் விலை.

அறுபதை வாங்கினேன். சம்பளம் அப்படி.

சதுப்பு நிலத்தில் மூன்று ஞாயிறு.
ஒவ்வொரு முறையும் என் நிழல்
எனக்கு முன்னே போய்ச் சேர்ந்தது.
ஊசித்தும்பி சற்றுமுன் உட்கார்ந்திருந்த புல்,
நூற்றுப் பதினேழு படங்கள்.

நாற்பது யூரோ மேலே வைத்து நூறாக மாற்றிக்கொண்டேன்.
உர்மாஸ் சிரிக்கவில்லை. அது அவர் நல்ல குணம்.
"மோட்டாரை அணைத்துவிடு" என்றார்,
"இந்தத் தூரத்தில் அது
தூக்கம் வராதவனைப் போல முன்னும் பின்னும் புரளும்.
வளையத்தைக் கடைசிவரை திருகி அப்படியே விடு.
இனி குவிய வேண்டியது நீ."

குவிந்தேன்.
ஈரப்பாசியில் முழங்கால் ஊன்றி
ஒரு நெல்முனை முன்னால், ஒரு நெல்முனை பின்னால்.
துளையைப் பதினொன்றுக்குச் சுருக்கினாலும்
தெளிவாகக் கிடைப்பது ஒரு நாணயத்தின் தடிமன்.
அதற்குள் கண்ணை வைக்க வேண்டும்.
இறக்கை மங்கினால் மங்கட்டும்.

ஜூலை கடைசியில் அழுகண்ணி.
எங்கள் மொழியில் உதட்டுப்புல் என்போம்.
கிட்டப் போனால் உதடும் இல்லை அழுகையும் இல்லை,
சிவந்த மயிர்கள், நுனிக்கு நுனி பசைத்துளி.
ஒரு துளிக்குள் வானம் தலைகீழாக.
பக்கத்துத் துளியில் ஒரு கொசுகு.

முக்காலி அமிழ்ந்துகொண்டே இருந்தது.
பலகைப் பாதையில் யாரோ நடந்தார்கள்,
ஐம்பது அடிக்கு அப்பால்,
என் படத்துக்குள் பூகம்பம்.
"நில்லுங்கள்!"

முரக்காஸ் பழம் பொறுக்க வந்த இரண்டு பெண்கள்.
நான் பிரேக் போட்டால் பயணிகள் நிற்பதுபோல
வாளியைப் பிடித்தபடி
பாதி அடியில் நின்றார்கள்.
ஏழு, எட்டு, ஒன்பது.
மூச்சை வெளியே விட்டு, உள்ளே இழுப்பதற்குமுன், பத்து.

மூத்தவள் மெல்ல வந்து திரையில் குனிந்தாள்.
லெய்டாவாம் பெயர். விரல்களெல்லாம் பழச்சாறு.
"என்ன அழகு" என்றாள் முதலில்.
பிறகு, "உயிரோடு இருக்கிறதே."

இருந்தது.
பத்துப் படத்திலும் ஒரு கால் வெவ்வேறு இடத்தில்.
நான் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கையில் ஒரு பைன் ஊசி,
பாசியை ஒதுக்க எடுத்தது.
அது போதும், மெதுவாக நீட்டினால்.
எட்டு விரற்கடை.
செடியும் பசியோடுதான் நிற்கிறது,
இந்த மண்ணில் அதற்கு வேறு சோறில்லை.
இப்படியெல்லாம் யோசிக்கும்போதே
விரல் பதினொன்றாவது படத்தை எடுத்துவிட்டது.

லெய்டா ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு பழத்தை என் பையின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.
பலகை ஆடி அடங்க வெகுநேரம் ஆயிற்று.

உர்மாஸ் படத்தைப் பார்த்தார்.
"கண் தெளிவாக இருக்கிறது. நல்லது" என்றார்.
நான் அந்தக் காலைப் பற்றிக் கேட்கவில்லை.

திங்கள், முதல் வண்டி, மழை.
வைப்பரை ஒரு கணம் தாமதமாகப் போட்டேன்.
கண்ணாடியின் ஒவ்வொரு துளியிலும்
தலைகீழாக ஒரு சிக்னல்.
அது பச்சையாகி
எவ்வளவு நேரமாயிற்றோ,
பின்னால் நின்ற டிராம்
மணி அடித்துக்கொண்டே இருந்தது.