இன்னொரு சேலம்

பெல்லந்தூரில் இரவு ஒன்றே முக்கால்.
திருமதி ஹால்வர்சனுக்கு அங்கே சாயங்காலம் நாலேகால்.
ஹாலோவீன் அன்று சூனியக்காரிகளின் ஊரில்
ஓர் அறை வேண்டுமாம்.
பெரியவர் இருவர், பிள்ளைகள் இருவர்,
கூர்த்தொப்பி நான்கு, நசுங்காமல் போய்ச்சேர வேண்டும்.

மேடம், அந்த வாரத்து அறையெல்லாம்
போன மார்கழியிலேயே போய்விட்டது
என்று சொல்ல வந்து
டிசம்பர் என்றேன்.
மார்கழி தொண்டையிலேயே நின்றுகொண்டது.

பக்கத்து ஊரில் தங்குங்கள். காரை எடுக்காதீர்கள்.
பாஸ்டனிலிருந்து ரயில், அரை மணி நேரம்.
இறங்கி நடந்தால் செங்கல் பாவிய தெரு,
அதைத் தாண்டிப் பழைய கல்லறை.
கழிப்பறை வரிசையில் நாற்பது நிமிடம் ஆகும்,
பிள்ளைகளை முன்கூட்டியே கூட்டிப்போங்கள்.
பாஸ்போர்ட்டே எடுக்காத நான்
அந்த ஊரின் முடுக்குகளை
எங்கள் அல்சூர் சந்துகளைவிட நன்றாக அறிவேன்.

இரண்டாம் நாள் காலை: விசாரணை அருங்காட்சியகம்.
மதியம்: தொப்பியோடு படம், பூசணிக்காய் காப்பி.
மாலை: நினைவிடம்.
கல்லால் இருபது இருக்கைகள்,
இருக்கைக்கு ஒரு பெயர், ஒரு தேதி.

பக்கத்து மேசை பசந்தி ஹெம்ப்ரம்
தும்கா பக்கத்துக்காரி, அதிகம் பேசமாட்டாள்,
என் திரையை எட்டிப் பார்த்தாள்.
எத்தனை பேர்?
இருபது.
பெண்களா?
முக்கால்வாசி.
அவங்க நிலம் யாருக்குப் போச்சு?

தேடினேன்.
காப்பிக்கடை திறக்கும் நேரம் இருந்தது.
தொப்பி வாடகைக்குக் கிடைக்கும் முகவரி இருந்தது.

எங்க சித்தி, என்று இந்தியில் ஆரம்பித்தாள்.
ஒன்றரை பீகா, குளத்தை ஒட்டி.
பிறகு 'தீ' என்று முடித்தாள்.
சித்தி இருந்தாள் என்றாலும் அவர்களுக்கு 'தீ'.
நிலம் இருந்தது என்றாலும் 'தீ'.
எதைச் சொன்னாள் என்று
என் அரைகுறை இந்திக்குப் பிடிபடவில்லை.
காதில் விழுந்தது தமிழ்த் தீதான்.
அந்த ஊரில் யாரையும் எரிக்கவில்லை,
தூக்கில்தான் போட்டார்கள்
என்று திருத்தப் போனேன், வெட்கங்கெட்டு.
அதற்குள் அவள் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு
வேறொரு குடும்பத்துக்கு
முட்டையில்லாத காலையுணவை உறுதிசெய்துகொண்டிருந்தாள்.

மூன்று மணிக்குத் திருமதி ஹால்வர்சன் மறுபடி.
அந்தக் கல் இருக்கைகளை எடுத்துவிடலாமா,
சின்னவனுக்குப் போரடிக்கும்.
எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் அரை மணி நேரம் ஓய்வு என்று எழுதி
ஓய்வுக்கான இடமாக
அதே கல்லறைச் சுவரை வரைபடத்தில் குத்திவைத்தேன்.
கால் வலித்தால் உட்காருவார்கள்.

டொம்ளூர் மேம்பாலத்தில் கேப் ஏறும்போது
ஓட்டுநர் முனிவேல் கேட்டார்:
சேலம் சேலம்னு போன்ல பேசினீங்களே,
அதுக்கா மேடம் விமானம்?
ஓசூர், கிருஷ்ணகிரி, தொப்பூர் கணவாய் இறங்கினா
மூணரை மணி நேரம்.
சூனியக்காரி வேணும்னா
எங்க மாமியார் வீட்டுக்கு எதிர்லயே ஒருத்தி இருக்கா.
சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

அல்சூரில் எங்கள் சந்து திரும்புகையில்
ஹெட்லைட் ஒரு பழங்கதவில் விழுந்தது.
சுண்ணாம்பில் கன்னட எழுத்து: நாளை வா.
ராத்திரி கதவு தட்டுகிற பேய்
அதைப் படித்துவிட்டுத் திரும்பிவிடுமாம்.
மறுநாளும் வருமாம், மறுபடி படிக்குமாம்.
எழுத்துக்கூட்டத் தெரிந்தவள்,
சொன்ன சொல் கேட்கிறவள்.
தாலுகா ஆபீசில் எங்களையும்
இதே இரண்டு சொல்லில்தான் திருப்பி அனுப்புகிறார்கள்.

அவளுக்கு என்ன வேணுமாம், என்றேன்.
யாருக்கு?
கதவு தட்டுறவளுக்கு.

முனிவேல் கியரை மாற்றினார்.
அதை யாரும் கேட்டதாத் தெரியலையே மேடம்.
இங்கயே இறங்கிக்கறீங்களா,
உள்ள போனா வண்டி திருப்ப முடியாது.