சுருண்ட நிலையில் 11.4 மில்லிமீட்டர்

சுங்கத்தில் பதினாறு நாள் கிடந்து வந்தது பெட்டி.
உள்ளே சாராயமா என்று கேட்டிருந்தார்கள்.
ஆமாம், தொண்ணூற்றாறு சதவீதம்,
அதில் மூழ்கி இரண்டு பிராணிகள்
என்று எழுதிக் கொடுத்தேன்.

நார்வேக்கும் வடக்கே
முந்நூற்றுத் தொண்ணூறு மீட்டர் ஆழத்தில்
நீர் உறையப் பார்த்து உறையாமல் நிற்கும் குளிரில்
கல்லோடு கல்லாய் ஒட்டியிருந்தவற்றை
இங்க்வில்ட் பெயர்த்திருக்கிறாள்.
பெயர்த்த கையோடு
கண்ணாடிச் சில்லில் நீட்டிக் கட்டியிருக்க வேண்டும்.
அன்றைக்கு அலை மோசம், மன்னித்துக்கொள் என்று
சீட்டு வைத்திருந்தாள்.
ஆக, மரவட்டைபோல் சுருண்டபடியே வந்து சேர்ந்தன
பீளமேட்டுக்கு,
சித்திரை வெயிலுக்கு,
மாதாந்திர மின்தடை நாளுக்கு.

சன்னலோரம் வைத்து எண்ணினேன்.
முதுகில் எட்டு ஓடு. இந்தக் குலத்தில் எல்லாவற்றுக்கும் எட்டுதான்.
ஓட்டின் மேல் குருணைகள்,
சால் பிடித்து விதைத்த கம்பு மாதிரி.
நடு ஓட்டில் பதினேழு சால்.
தெரிந்த உறவுகள் எதுவும் பதினான்கைத் தாண்டியதில்லை.
மறுபடி எண்ணினேன்.
பன்னிரண்டில் இருக்கும்போது மின்சாரம் வந்து
விசிறி சுற்றித் தாள்கள் பறந்தன.
மறுபடி.
பதினேழு.

புதிது என்று சொல்வதற்குப் பிரிக்க வேண்டும்.
பெரியதைத் தொடவில்லை.
சிறியதைக் காரத்தில் போட்டேன்.
கண்ணில்லாத தலை, கல்லைப் பற்றிய பாதம்,
எல்லாம் ஒரே இரவில் கரைந்துபோய்
நாக்கு மட்டும் மிஞ்சியது.
நாக்கென்றால் தேங்காய்த் துருவி:
நாற்பது வரிசை, வரிசைக்கு இரண்டு கறுப்புப் பல்.

மின்னணு நுண்ணோக்கி எங்கள் கல்லூரியில் இல்லை.
கணபதியில் ஒரு பவுண்டரியில் இருக்கிறது,
உடைந்த வார்ப்பில் விரிசல் பார்க்க.
இயக்குபவர் நாச்சிமுத்து.
"காந்தம் புடிக்குதான்னு மொதல்ல பாக்கோணுமுங்க மேடம்.
புடிச்சா உள்ள பறந்து போயி லென்சுல ஒட்டிக்கும்."
பிடிக்கும் என்று படித்திருக்கிறேன்.
பார்த்ததில்லை.
சொல்லி முடிப்பதற்குள்
தாளில் தனியாய் வைத்திருந்த ஒரு பல்
துள்ளிப் போய்விட்டது.

காந்தம் முழுக்க மோட்டார் பம்பு வார்ப்பின் துகள், மீசை மீசையாய்.
அதற்குள் எங்கோ அது.
நாற்பது நிமிடம் ஊசியும் லென்சுமாய்த் தேடினோம்.
இரும்போடு இரும்பு.

"வாய்க்குள்ளயே இரும்பு காச்சுதுங்களா?"
ஆமாங்க. நெருப்பில்லாமல்.
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
"எத்தன ஆழமுங்க?"
மீட்டரை அடியாக்கிச் சொன்னேன்.
ஆயிரத்து இருநூற்று எண்பது.
"எங்க அன்னூர்த் தோட்டத்து போரும் அத்தன ஆழந்தானுங்க.
புகைதான் வந்துச்சு."

இனி எழுத வேண்டும்.
இரண்டு லத்தீன் சொல்லில் பெயர்:
ஒன்று குலத்துக்கு இருக்கிறது, மற்றது காலியிடம்.
தமிழில் கூப்பிட
முதற்சொல்லும் இல்லை.
பாறையில் ஒட்டுவது என்று சுற்றித்தான் சொல்ல வேண்டும்,
அதைத்தான் தறிக்குப் போகிற என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன்.
எட்டு மடிப்பாங்க, என்று கேட்டுவிட்டுத் தூங்கிப் போனார்.

உடல்: சுருண்ட நிலையில் 11.4 மில்லிமீட்டர்.
நிறம்: சாராயத்தில் வெளுத்த வைக்கோல்.
உயிரோடிருந்தபோது: தெரியவில்லை.
ஒன்பதாம் வரிசை, இடப்பக்கம்: பல் இல்லை.
தயாரிப்பின்போது தொலைந்தது.

எங்கே என்று அந்தப் படிவத்தில் கேட்பதில்லை.

சனிக்கிழமைதோறும் காந்தத்தைத் துடைப்பார்கள்.
துகள் டிரம்முக்குப் போகும், டிரம் உலைக்கு.
ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது.
"தொடைக்காம எடுத்து வெச்சிருக்கறனுங்க மேடம்.
என்ன பண்றது?"

பின்னால் அவர் வீட்டில் குக்கர் விசில்.
நான் பதினேழு சாலையும்
தாளில் இன்னொரு முறை எண்ணிக்கொண்டிருந்தேன்.