ஆறாவது கட்டம்

பதினோரு நாளாகப் பாவாத்தா
ஒரு காலைத் தூக்கியபடியே நிற்கிறாள்
ஐந்தாவது கட்டத்தில்.
கீழே அமராவதி. அக்கரையில்
அவள் லாரியைக் கிளப்பப் பார்க்கும் மூன்று தடியர்கள்.
ஆறாவது கட்டம் வெறும் சதுரம்.
பென்சிலைச் சீவினேன், சீவினேன்,
சீவல் மட்டும் அழகாக வந்தது.

விடிந்தால் கரூர், பஸ் பாடி பட்டறை.
வயிற்றுப்பாட்டுக்கு மஞ்சள் பட்டை அடிக்க வேண்டும்.
இன்னும் கண்ணாடி மாட்டாத வண்டி.
பிரஷ்ஷை டின்னரில் ஊறப்போட்டு நிமிர்ந்தேன்:
முதல் சன்னலில் வெல்டிங் பொறி.
அடுத்ததில் குப்பணன் முதுகு.
அதற்கடுத்து ஆவி பறக்கும் டீ டம்ளர்,
அதற்கும் அடுத்து
காலி டம்ளர்.
குடித்ததை நான் பார்க்கவேயில்லை.
இரண்டு சன்னலுக்கு நடுவே நாலு விரல் தகரம்,
அதற்குள் குடித்து முடித்திருக்கிறான்.

"ஏனுங், தனியாச் சிரிக்கிறீங்க?"
"ஒண்ணுமில்லீங். ஆத்தத் தாண்டியாச்சு."

ராத்திரி ஆறாவது கட்டத்தில்
அக்கரை மணலில் ஒற்றைச் செருப்பு, ஈரமாக.
ஸ்டியரிங்கில் அவள் கை.
தாண்டியதை வரையவில்லை.

ஏழாவதில் தடியர்கள் எதைப் பார்த்து ஓடுகிறார்கள்?
தெரியவில்லை.
நாளைக்குப் பட்டறைக்கு வருவது ஸ்லீப்பர் வண்டியாம்,
மேலொன்று கீழொன்றாக
இரண்டு வரிசைச் சன்னல்.