நாற்பது விநாடி

பழைய என்ஜினுக்கு வயது முப்பத்தொன்பது.
நான் கொடியசைத்தால்
முதலில் கனைக்கும்.
பிறகு கறுப்பாக ஒரு மூச்சு.
பிறகு ஒன்பது பெட்டிகளின் கொக்கிகளும்
ஒவ்வொன்றாய் இழுபட்டு
கடைசியில் என் காலடிக்கு வந்துசேரும் அந்த உலுக்கல்.
அதற்குள் நாற்பது விநாடி போயிருக்கும்.

கால அட்டவணையில் அந்த நாற்பது கிடையாது.
குத்தாலத்தில் இருந்தது.

காலை ஏழு ஐந்து.
கேட்டடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
பூட்டக்கூட நிற்காமல் ஓடிவருவார் சகாயராணி.
கும்பகோணத்தில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை.
ஒரு கையில் சாப்பாட்டுப் பை,
மறு கையில் செருப்பு.
சரளைக்கல்லில் வெறுங்கால்தான் வேகம்
என்பது அவர் கணக்கு.
கடைசிப் பெட்டியின் கம்பியைப் பிடிக்கையில்
வண்டி நடக்கத் தொடங்கியிருக்கும்,
மனிதர் நடக்கிற வேகத்தில்.
விதிப்படி நான் கத்த வேண்டும்.
கத்துவேன். சிரிப்பார்.
நான்கு வருடமாக எங்களுக்குள் இருந்த பேச்சு
அவ்வளவுதான்.

யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்,
அந்தப் பெட்டிகள் போகவேண்டியவைதான்.
ஐப்பசியில் உள்ளே குடைபிடித்து உட்கார்ந்த சனம் உண்டு.
கழிப்பறைக் கதவைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தோம்.
பாபநாசத்தில் ஒருமுறை என்ஜின் படுத்துக்கொள்ள
நிறைமாதக்காரி ஒருத்தி
ஒரு மணி நேரம் வேர்த்துக்கொண்டு கிடந்தாள்.
மூன்றாம் பெட்டியின் தரையில் கையகல ஓட்டை;
வீரசோழன் பாலம் வரும்போது
வயல் வைத்திருப்பவர்கள் அதைச் சுற்றிக் குனிவார்கள்,
தண்ணீர் வந்துவிட்டதா என்று.
வெறும் மணல் என்றால்
நிமிராமலே சொல்லிவிடுவார்கள்.

ஆனியில் ஒரு திங்கட்கிழமை
புதிய மெமு வந்தது.
எனக்குச் சுழல் நாற்காலி, விசிறி, மைக்.
என் பெயரை வெள்ளையில் எழுதிய இரும்புப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து
சக்கரம் வைத்த பை வாங்கிக் கையெழுத்திட்டேன்.
பயிற்சி முடித்து வந்த டிரைவர் இளவழுதி சொன்னான்:
"நெனச்சாலே கிளம்புதுண்ணே."

குத்தாலம். ஏழு ஐந்து.
இரண்டு முறை பஸ்ஸரை அழுத்தினேன்.
கனைப்பில்லை. மூச்சில்லை.
நடைமேடை என்னைவிட்டு நழுவியது,
யாரோ பாயைச் சுருட்டி எடுப்பதுபோல.

சகாயராணி அப்போதுதான் கேட்டைத் தாண்டியிருந்தார்.
பத்தடி ஓடினார்.
நின்றார்.
கண்ணாடிக்குப் பின்னால் நான்.
கத்துவதற்கு ஒன்றுமில்லை.
ஒரு செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தார்.
மற்றதைப் போடுவதற்குள்
வளைவு வந்துவிட்டது.

'நேரப்படி புறப்பாடு' என்று எழுதினேன்.
உண்மைதான்.

செவ்வாய் இல்லை. புதனும் இல்லை.
வியாழக்கிழமை ஏழு மணிக்கே
நடைமேடையில் நின்றிருந்தார்,
ஈரத்தலையோடு, செருப்பு காலில்.
என் சன்னலருகே வந்தார்.
"பாப்பாவுக்குச் சடை பின்னுறதை விட்டுட்டேன் சார்.
அவளே பின்னிக்கறா. கோணலா."
பதிலுக்குக் காத்திராமல் ஏறிக்கொண்டார்.
கோபமா என்று தெரியவில்லை.
சிரிப்பில்லை.

மயிலாடுதுறை யார்டில் பழைய பெட்டிகள்
சுண்ணாம்பில் பெருக்கல்குறி வாங்கி நிற்கின்றன.
ஏலக்காரர்கள் கிலோக்கணக்கில் விலை சொல்கிறார்கள்.
ஓட்டையையும் சேர்த்தா எடை போடுவீர்கள்
என்று கேட்டேன்.
ஒருவர் மட்டும் சிரித்தார்.

அன்றைக்கே வீரசோழன் பாலத்தில்
பெட்டிக்குள் வயல்காரர்கள்
வழவழப்பான புதிய தரையைப் பார்த்துவிட்டு
ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்.
தாண்டியபின் பார்க்கிறவன் நான்;
கடைசிக் கண்ணாடி என்னுடையது.
மணலின் நடுவே பழுப்பாக ஒரு கோடு
கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது,
முன்னால் சருகுகளைத் தள்ளியபடி.

மைக் எதற்கென்று விதிப்புத்தகத்தில் ஆறு பத்திகள்.
இது எதிலும் வராது.
பொத்தானை அழுத்தினேன்.

"தண்ணி வந்துருச்சு.
நுரையோட."